பட்டறை வாசல் – 9: மூடிக்குள் ஒரு மூடி

நின்றே போன வண்டியைச் சரி பண்ணுவது சுலபம். வீட்டில் முரண்டு பிடித்துவிட்டு, பட்டறைக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும் வண்டியோடு மல்லுக்கட்டுவதுதான் பெரும்பாடு. அதிலும் இன்ஜின் சூடேறும் கோளாறு, இருக்கிறதா இல்லையா என்றே ஆளைக் குழப்பிவிடும்.

பங்குனி, சித்திரையில் செய்யூர் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் தர்பூசணிக் குவியல்தான். காயைத் தோட்டத்தில் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து, கல்பாக்கம், மாமல்லபுரம் தாண்டிக் கோயம்பேட்டுக்குப் போகும் சின்ன லோடு வண்டிகள் ஏராளம். அப்படி ஒரு வண்டி. ஓட்டுபவரேதான் முதலாளி. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே வேண்டாம், இந்த வியாதி எல்லாக் கம்பெனிக்கும் பொது.

சில நாள் காலையில் புறப்பட்டு ஈசிஆர் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மீட்டர் முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறும். பதறிப்போய் ஓரங்கட்டி, இன்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் தூக்கினால், முள் சட்டென்று சரிந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். அதற்கப்புறம் கோயம்பேடு வரை தொந்தரவே இல்லை. மறுநாள் ஒன்றுமே நடக்காது. அதற்கடுத்த நாள் மறுபடியும்.

இதற்குள் அவர் மாற்றிய சாமான்களின் பட்டியல் நீளம். வாட்டர் பம்ப் புதுசு. ஃபேன் பெல்ட் புதுசு. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தாயிற்று. கடைசியாக ஒருவர், “தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கடாசு, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?” என்று சொல்லியிருந்தார்.

இந்த ஆலோசனையை நம்மூரில் கேட்காத லோடு வண்டிக்காரர் இருக்க மாட்டார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் தண்ணீர் சுமார் 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும், சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். பல இன்ஜின்களில் அதே வால்வு திறக்கும்போது இன்னொரு வழியை மூடவும் செய்கிறது. ரேடியேட்டருக்குப் போகாமலே தண்ணீர் இன்ஜினுக்குத் திரும்பும் குறுக்குவழி அது. வால்வைப் பிடுங்கிவிட்டால் குறுக்குவழி நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். காலி வண்டிக்குத் தெரியாது. இரண்டு டன் காயை ஏற்றிக்கொண்டு மே மாத மத்தியானத்தில் போகும்போது தெரியும்.

நல்லவேளை, வால்வைக் கழற்றும் முன் அவர் வேறொரு பட்டறைக்கு வந்தார். அங்கிருந்த பெரியவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை.

“எப்ப தம்பி ஏறுது?”

“எப்ப வேணா ஏறுதுண்ணே.”

“அப்படி ஒரு கோளாறு கிடையாது. பஜார்ல நெரிசல்ல ஊர்ந்து போறப்ப ஏறுதா?”

“இல்லண்ணே.”

“மாமல்லபுரம் தாண்டி எண்பதுல அழுத்தறப்ப?”

“அப்பவும் இல்ல. கிளம்பின கொஞ்ச நேரத்துல மட்டும்தான்.”

இந்த மூன்று கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஊர்ந்து போகும்போது ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் காற்று போதவில்லை என்று பொருள்: ஃபேன், அதன் கிளட்ச், மின்சார ஃபேன் என்றால் ரிலே. வேகத்திலும் லோடிலும் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை: ரேடியேட்டர் அடைப்பு, அல்லது பம்ப் இழுக்கும் வேகத்தில் உள்வாங்கிக்கொள்ளும் கீழ் ஹோஸ். கிளம்பியதும் ஏறி, திடீரென்று விழுந்தால்? வால்வு இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை, காற்று நிற்கிறது. காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. கீழே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், மேலே மெழுகு தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் கொதிநீர் வந்து தொட்டதும் வால்வு திறக்கும், முள் விழும்.

பெரியவர் கடைசியாகக் கேட்டார்: “ரேடியேட்டர்ல தண்ணி பாப்பியா?”

“டேங்க்ல எப்பவும் ஃபுல்லா இருக்குண்ணே. எப்பவாச்சும் சந்தேகம் வந்தா மூடியத் திறந்து ஊத்துவேன்.”

“ஊத்தின அன்னிக்கு ஏறுமா?”

அவர் யோசித்தார். ஊற்றிய நாட்களில் ஏறியதே இல்லை.

“வண்டியை ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போ” என்றார் பெரியவர்.

விடிந்ததும் சாவியைத் தொடாமல் பானெட்டைத் திறந்தார்கள். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள மேல் ஹோஸ், உறிஞ்சி முடித்த ஐஸ் பாக்கெட் மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. பிளாஸ்டிக் டேங்கிலோ தண்ணீர் மேல் கோட்டுக்கும் மேலே. பெரியவர் மூடியைத் திருகியதும் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தது, ஹோஸ் புஸ்ஸென்று உப்பிப் பழைய உருவத்துக்கு வந்தது. (இன்ஜின் ஆறிக் கிடந்ததால் இது வேடிக்கை. சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைத்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.)

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அதில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது ஸ்பிரிங்கின் பலத்தில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. மேலே 0.9 என்று போட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 118 வரை தாங்கும். அதற்கு மேல் அழுத்தம் போனால் வால்வு திறந்து தண்ணீரை டேங்குக்கு அனுப்பும். நடுவில் குட்டியாக இன்னொரு வால்வு இருக்கும். இன்ஜின் ஆறித் தண்ணீர் சுருங்கும்போது, டேங்குக்குப் போனதைத் திரும்ப உள்ளே விடுவது அதன் வேலை.

இந்த மூடியில் குட்டி வால்வைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் அசையவில்லை. போன தண்ணீர் போனதுதான், திரும்பவே இல்லை. உள்ளே உண்டான வெற்றிடம் ஹோஸை உறிஞ்சியதோடு, தளர்ந்திருந்த பழைய கிளிப் வழியாகக் காற்றையும் இழுத்திருக்கிறது. வெளியே தண்ணீர் ஒழுகாத கிளிப் உள்ளே காற்றை விடும் என்பது பலருக்குத் தோன்றாது. மூடியைத் திறந்து ஊற்றிய நாளில் காற்று வெளியேறிவிடும், அன்று வண்டிக்கு ஒன்றும் வராது. டேங்கைப் பார்த்து ஏமாந்த நாளில் முள் ஏறும்.

பொருக்கு எங்கிருந்து வந்தது? அவர் ஊற்றியது வீட்டு போர் தண்ணீர். உப்பளங்கள் இருக்கும் கடலோரத்தில் பல போர்களில் வரும் தண்ணீர் வாயில் வைக்க முடியாதது. நாம் குடிக்க மாட்டோம், இன்ஜினுக்கு ஊற்றுவோம். அலுமினியத்தை அரிப்பதும் அந்த உப்புதான்.

இந்தச் சின்ன மூடிக்கும் நம்மூருக்கும் பழைய பந்தம் உண்டு. 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அன்று இந்தியத் தொழிற்சாலைகளின் தரத்துக்கு உதாரணமாக எல்லோரும் சொன்ன பொருள் இதுதான். பட்டறைகளிலோ சந்தேகப்படுகிற சாமான்களில் இது கடைசி.

புது மூடி, அதே அழுத்த எண் பார்த்து வாங்கியது. இரண்டு புது கிளிப். உள்ளே இருந்ததையெல்லாம் வடித்துக் கழுவிவிட்டு, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப்பாதி. மூக்கு மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, மூடி போடாமல் ஓடவிட்டுக் குமிழி அடங்கும்வரை காத்திருந்தார்கள். செலவு, அவர் ஏற்கெனவே மாற்றிய வாட்டர் பம்ப் விலையில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஒருவேளை குமிழி அடங்காமல் வந்துகொண்டே இருந்திருந்தால்? சைலன்சரில் வெள்ளைப் புகையும் சேர்ந்திருந்தால்? அது ஹெட் கேஸ்கெட் சமாச்சாரம், லேத் பட்டறை வரை போகிற கதை. அடுத்த வாரம்.