புதிய நாடும் பழைய எண்ணும்

தூது விடுதல் தமிழருக்குப் புதிய செய்தியன்று. கிளியையும் அன்னத்தையும் முகிலையும் தூதனுப்பிய புலவர்களைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவர்களுள் என் உள்ளத்துக்கு மிக அணியராய் நிற்பவர் சத்திமுற்றப் புலவர். வறுமையால் ஊர் நீங்கி, மதுரையிலே குளிரில் நடுங்கிக்கொண்டு, வானிற் பறந்த நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பிய அந்த ஏழைப் புலவரை, ஸ்காபரோவில் பனி கொட்டிய ஒரு தை மாதத்தில் நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். அவருக்கு நாரை கிடைத்தது. நாரை முற்பணம் கேட்கவில்லை. அடையாள அட்டையும் கேட்கவில்லை. எனக்கோ கைத்தொலைபேசி ஒன்று வாங்கவேண்டியிருந்தது.

எங்கள் அன்புவழிபுரத்திலிருந்து வெளிநாடு செல்லும் பிள்ளைகள், புறப்படுமுன் என்னிடம் விடைபெற வருவதுண்டு. விசா, விமானச் சீட்டு முதலியவற்றில் அவர்கள் என்னைவிட அறிந்தவர்கள். "சேர், இங்கையே ஃபோன் வாங்கிக்கொண்டு போகட்டோ, அங்க போய் வாங்கட்டோ?" என்ற ஒரு கேள்வியை மட்டும் தவறாது கேட்கிறார்கள். அதற்கு நின்ற நிலையில் விடை சொல்ல முடிவதில்லை, ஆகையால் எழுதுகிறேன்.

திருகோணமலையில் தொலைபேசி என்பது அலுவலகங்களுக்கும் வசதி படைத்தோர் இல்லங்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த காலத்தை நான் அறிவேன். பின்னர் 'கொமினிகேஷன்' கடைகள் வந்தன. கடிதத்திலே மகன் குறித்தனுப்பிய நாளில், குறித்த நேரத்துக்கு முன்பே தாய்மார் அங்கு வந்து வாங்குகளில் அமர்ந்திருப்பர். இத்தனைக்கும் 1989 ஆம் ஆண்டிலேயே செல்ரெல் நிறுவனம் இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிவிட்டது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. இந்தியாவில் முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லிக்குப் பேசி அச்சேவையைத் தொடக்கி வைத்தது 1995 சூலை 31 இல்தான். முந்திக்கொண்ட பெருமை நமது நாட்டுக்கு. ஆயினும் போர் நடந்த வடக்குக்கும் கிழக்குக்கும் அந்தப் பெருமை வந்து சேர நெடுங்காலம் சென்றது.

ஸ்காபரோவிலே மகன் என்னை ஒரு பேரங்காடிக்கு அழைத்துச் சென்றான். கடையில் நின்ற இளைஞர் தமிழர். என் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துக் கணினியில் ஏதோ தட்டியபின், மிகுந்த தயக்கத்துடன், "அங்கிள், உங்களுக்குக் கிரெடிட் இல்லை" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்து, எவரிடமும் ஒரு சதம் கடன்படாமல் ஓய்வு பெற்றவன் என்பதே அங்கு எனக்குக் குறையாயிற்று! கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவனையே அந்நாட்டார் நம்புகிறார்கள். கடனே வாங்காதவன் அவர்கள் ஏட்டில் இல்லாத மனிதன். இதனைப் பொருளியல் மாணவர்கள் எனக்கு விளக்கிச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். மனம் ஒப்புமென்று சொல்லமாட்டேன்.

இவ்வாறு கடன் வரலாறு இல்லாதவர் மாதத் தவணையிற் கருவி பெறவேண்டுமாயின், பெரும்பாலும் முற்பணம் கட்டவேண்டி வரும். மாறாக, கருவியை முழுவிலைக்கு வாங்கி முற்கொடுப்பனவுத் திட்டத்திற் சேர்ந்தால் எவரும் எதுவும் கேட்பதில்லை. புதிதாகச் செல்வோருக்கு இந்த இரண்டாவது வழியே நல்லதென்பது என் கருத்து. விலைச்சீட்டிற் காணும் தொகைக்கு மேல், ஒன்ராறியோ மாகாணத்தில் நூற்றுக்கு 13 வீதம் விற்பனை வரி உண்டென்பதையும் மனத்திற் கொள்க.

'பூட்டு' என்றொரு சங்கதியும் உண்டு. ஒரு நிறுவனம் விற்ற கருவியில் வேறு நிறுவனத்தின் சிம் அட்டை இயங்காதவாறு தடுத்து வைப்பதே அது. முன்பு அதனைத் திறந்துவிடத் தனியே பணம் அறவிட்டார்கள். கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம் இதற்கு முடிவு கட்டியது. 2017 டிசம்பர் 1 முதல் அங்கு விற்கப்படும் புதிய கருவிகள் பூட்டின்றியே இருத்தல் வேண்டும். அதே ஆணையம் 2013 இற் கொண்டுவந்த விதிக்கோவையின்படி, இரண்டாண்டு கடந்தபின் ஒப்பந்தத்திலிருந்து விலகுவோரிடம் அபராதம் கேட்கலாகாது. கடையில் இவற்றை ஒருவரும் எடுத்துச் சொல்லமாட்டார். நாமே அறிந்து செல்லவேண்டும்.

இங்கிருந்தே கருவி கொண்டுசெல்லலாமா? செல்லலாம், ஆயினும் அலைவரிசை பார்க்கவேண்டும். பழைய ஜிஎஸ்எம் முறையில் நம் நாட்டுக்கு 900, 1800 மெகாஹேர்ட்ஸ். வட அமெரிக்காவுக்கு 850, 1900. அதனால் இங்கே நன்கு பேசிய கருவி அங்கே ஊமையாகிப்போன காலமும் இருந்தது. இக்காலக் கருவிகள் பல அலைவரிசைகளை ஏற்பவை. எனினும், நம் சந்தைக்கென்றே செய்யப்பட்ட மலிவான கருவிகளில் அந்நாட்டு 4ஜி அலைவரிசைகள் சில இல்லாதிருக்கலாம். எதிர்த்திசையிலும் ஒரு தடை எழுந்திருக்கிறது. 2025 சனவரி 28 முதல், நமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிற் பதியப்படாத புதிய கருவிகள் இந்நாட்டு வலையமைப்புகளில் இணைக்கப்படமாட்டா என்று அறிவிக்கப்பட்டது. தம்பிக்கென்று அக்கா அன்போடு அனுப்பும் பரிசுக்கும் இவ்விதி பொருந்தும்.

இனி, நான் பெரிதும் வற்புறுத்த விரும்புவதைச் சொல்கிறேன். புதிய எண் பெறுதல் எளிது. பழைய எண்ணைக் காப்பதே அரிது. ஓய்வூதியம் விழும் கணக்கை இணையவழியே திறக்க முயன்றால், வங்கி ஒருமுறைக் கடவுச்சொல்லை அனுப்புவது நமது இலங்கை எண்ணுக்குத்தான். 'ரீலோட்' செய்யாது விட்ட எண் சில காலத்திற் செயலிழக்கும். பின்னர் யாரோ ஒருவருக்கு வழங்கப்படவும் கூடும். ஆகவே புறப்படுமுன் 'றோமிங்' வசதியைத் திறந்துகொள்க. அங்கே சென்றதும் அந்த எண்ணின் டேட்டாவை மட்டும் மூடிவிடுக. இரண்டு சிம் கொள்ளும் கருவியே வாங்குக. வாட்ஸ்அப்பைப் பழைய எண்ணிலேயே வைத்திருக்கலாம். ஊரார் எவரும் புதிய எண்ணைத் தேடவேண்டியதில்லை.

அந்த வாட்ஸ்அப்பை ஆக்கியவருள் ஒருவரும் நம்மைப்போற் பெயர்ந்தவரே. ஜான் கூம் என்பவர், உக்ரைனிலிருந்து 1992 இல் பதினாறு வயதிலே தாயோடு கலிபோர்னியாவுக்கு வந்து, அரசு கொடுத்த உணவு முத்திரைகளால் வயிறு வளர்த்தவர். 2009 இல் நண்பருடன் சேர்ந்து அந்நிறுவனத்தைத் தொடங்கினார். 2014 இற் பேஸ்புக் நிறுவனம் அதை 1,900 கோடி டொலருக்கு வாங்கியபோது, முன்னொரு காலம் தாம் உணவு முத்திரைக்காக வரிசையில் நின்ற அலுவலகத்தின் கதவிலே தாளை வைத்துத்தான் கையெழுத்திட்டார்.

ரொறன்ரோவிலே மகளோடு வாழும் ஒரு தாயார் முன்பு என் அயலில் இருந்தவர். 2006 இல் வேலைக்கென்று வீட்டைவிட்டுப் போன அவருடைய மகன் திரும்பவில்லை. தேடாத இடமில்லை, எழுதாத மனு இல்லை. அவரும் அதே கடையிற் கருவி வாங்க வந்தபோது நான் உடனிருந்தேன். "அன்ரி, பழைய சிம் இனித் தேவையில்லைத்தானே?" என்று அந்த இளைஞர் கேட்டார். "அவனுக்குப் பாடமான நம்பர் அது ஒண்டுதான், தம்பி" என்றார் தாயார். இளைஞர் மேற்கொண்டு ஒன்றும் கேளாமல், உள்ளே சென்று இரண்டு சிம் கொள்ளும் கருவியொன்றைத் தேடி எடுத்துவந்தார்.

நான் ஊர் திரும்பிவிட்டேன். மாதம் பிறந்ததும் சந்திக் கடையில் அந்த எண்ணுக்கு 'ரீலோட்' போடுவது என் பொறுப்பு. கடைக்காரத் தம்பி இப்போதெல்லாம் எண்ணைக் கேட்பதில்லை. அவருக்கும் அது பாடமாகிவிட்டது.