செயற்கை அறிவும் பெண்ணின் வழக்கும்

நீதி என்பது தீர்ப்புரைக்கும் மன்றத்தில் மட்டும் உறைவதன்று. தனக்கு உரிமை உண்டென அறிதலும், அதனை எழுத்தில் எடுத்துரைத்தலும், உரைத்தது பிழையின்றிப் பதியப்பெறுதலும் அதற்கு முற்படிகளாம். இப்படிகளில் ஏறவியலாது நின்றுவிடும் பெண்கள் எல்லாச் சமுதாயங்களிலும் உளர். இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் புதுக்கருவி அவர்க்குக் கைகொடுக்குமா என்பதைக் கல்முனைக் கரையை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களின் மணவழக்குகளுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அடிப்படையாய் அமைந்தது. அச்சட்டம் வகுத்தபடி காதியாக அமர்பவர் ஆணே. அவர் முன்னிலையில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்றவும் அது இடந்தரவில்லை. தலாக் கூறும் கணவன் குற்றமெதனையும் நிறுவ வேண்டுவதில்லை. பஸஹ் கோரும் மனைவியோ கணவன்மேற் குற்றத்தைச் சான்றுடன் நிறுவுதல் வேண்டும். வழக்குச் செலவு குறைவது நன்றே. ஆயினும் எழுத்துப் பழக்கம் குறைந்த ஒரு தாய், ஆடவர் அவையில் இச்சுமையைத் தனியே தாங்க நேர்கின்றது.

இவ்விடத்தேதான் புதுக்கருவியின் பயன் புலப்படுகின்றது. எண்ணிறந்த நூல்களையும் ஆவணங்களையும் கற்று, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பு எனக் கணித்து விடை தொடுப்பது அதன் தொழில். ஒரு பெண் தன் வாய்மொழியாற் கூறுவதை அது விண்ணப்பமாக வரைந்து தரக்கூடும். தாபரிப்புப் பணம் எம்மாதங்களிற் கிடைத்தது, எம்மாதங்களில் நின்றது என நாள் வரிசைப்படுத்தக்கூடும். கட்டளையொன்றை எளிய தமிழில் விளக்கவுங்கூடும். முன்னாளில் கச்சேரி வாயிலில் மனு எழுதுவோர் செய்த பணியை இது நள்ளிரவிலும் செய்யும்.

எனினும் தமிழ் கற்பிக்கும் எமக்கு ஓர் அச்சம் உண்டு. 'கைக்கூலி' என்னும் சொல்லை நோக்குக. பொதுவழக்கில் அது இலஞ்சத்தைக் குறிக்கும். பிறர் ஏவலுக்குக் கூலி பெறுவானையும் குறிக்கும். மேற்கூறிய சட்டத்திலோ, மணமகளின் பயன் கருதி மணமகனிடம் பெண்வீட்டார் கொடுத்த, அல்லது கொடுப்பதாக வாக்களித்த, பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. அதனை மீட்டுத் தருமாறு மனைவி காதியிடம் கோரலாம். பொதுத்தமிழை மட்டும் கற்ற பொறி, இக்கோரிக்கையை இலஞ்ச முறைப்பாடெனக் கருதிவிடின் அவள் கதி யாது? 'சீதனம்' என்று வினவின், இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தை அது எடுத்தோதவுங்கூடும். அச்சட்டம் இங்கு செல்லாது.

மேலும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டிற் குடியேற்றுதல் இக்கரையில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான மரபு. வீடு அசையாப் பொருளாதலின் கைக்கூலியுள் அடங்காது. உறுதி எவர் பெயரில் எழுதப்பட்டது என்பதே ஆங்கு முதல் வினா. இவ்வூர் வழக்கறியாத பொறி அவ்வினாவை எழுப்பாது. அவ்வாறே, மஹரை விட்டுக்கொடுத்து விடுதலை பெறும் குலா முறையையும் பஸஹ் முறையையும் அது மயங்கவைத்தால், அவள் இழக்க வேண்டாததை இழப்பாள்.

சட்டம் கற்றாரும் இதனால் இடர்ப்பட்டதுண்டு. 2023 இல் நியூயோர்க் நகரில், பொறி புனைந்து தந்த, என்றுமே நடவாத வழக்குகளை மேற்கோள் காட்டிய சட்டத்தரணிகளுக்கு நீதிமன்றம் 5,000 டொலர் தண்டம் விதித்தது. கற்றாரே அவ்வாறு ஏமாறின் கல்லாதார் நிலை கூறவேண்டுமோ? அன்றியும், குடும்பத்தார் அனைவரும் கையாளும் கைத்தொலைபேசியில் அவள் கேட்ட வினா அழியாது நிற்பின், அதுவே அவளுக்குத் தீங்காய் முடியும்.

ஆதலின் பொறி எழுத்தராகலாம், நீதிபதியாதல் ஒல்லாது. 2025 இல் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த நெறியும், தீர்ப்புக்கு வருவதற்கு இக்கருவியைப் பயன்படுத்தலாகாது என்றே விலக்கிற்று. பழைய தீர்ப்புகளைக் கற்கும் பொறி அவற்றின் சாய்வையும் உடன்கற்கும் அன்றோ? சட்டத்திலுள்ள குறையைத் திருத்துவது மக்கள் கடன். அதன்பொருட்டு நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் நியமிக்கப்பட்ட குழு 2018 இல் அறிக்கை அளித்தபோது, உறுப்பினர் கருத்து இரண்டாய்ப் பிரிந்திருந்தது. இதனை அயலார் குறையெனக் கொள்ளற்க. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவும் கணவன் இசைவை வேண்டி நின்ற தேசவழமை நம்மவர் சட்டமே.

நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கைக்கூலி, மஹர், தாபரிப்பு, உறுதி என இக்கரையில் வழங்கும் சட்டச் சொற்களுக்குத் தெளிவான தமிழில் விளக்கம் எழுதி, எவரும் எடுத்தாளுமாறு வெளியிடல் வேண்டும். பழைய மாணவராகிய சட்டத்தரணிகள் பொருளைச் செப்பஞ்செய்க. மாணவர் சொற்களைத் திரட்டுக. வழக்கின் வாயில்களில் நின்று பழகிய முஸ்லிம் பெண்கள் பிழை சுட்டித் திருத்துக. அவர் கூறுவது அதில் இடம்பெறாவிடின் அவ்விளக்கமும் குறையுடையதே. நாம் எழுதி வைக்கும் தமிழையே நாளைய பொறி கற்கும். அதன் விடையை நம்பியே ஒரு பெண் தன் வழக்கைத் தொடங்குவாள்.