வேடிக்கை பார்ப்பது யார்?

கல்விச் சுற்றுலா என்றால் தஞ்சாவூர், மகாபலிபுரம் என்றுதான் நமக்கு நினைப்பு. சிவகாசிக்கும் வருகிறார்கள். சமூகப்பணி மாணவர்கள், ஆய்வாளர்கள், படம் எடுப்பவர்கள், தொண்டு நிறுவனங்கள் கூட்டிவருகிற வெளிநாட்டார். இங்கே பார்ப்பதற்குக் கோபுரம் இல்லை, மருந்தேறிய விரல்கள்தாம்.

வேடிக்கை என்னவென்றால் இந்த ஊர்த் தொழிலே ஒரு கல்விப் பயணத்தில் பிறந்ததுதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். கற்றது ஊருக்கு வந்து சேர்ந்தது (யார் கைக்குப் போனது என்பது தனிக்கதை). 1980களுக்குப் பிறகு வந்தவர்கள் கற்றதோ வெளியே போனது. 1983இல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை, 1990இல் சலம் பென்னூர்க்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' படம், எம்.சி.மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் 1996 டிசம்பர் 10 தீர்ப்பு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது அது. வெளியாள் பார்வையால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் 'உள்ளூர்க் கருத்து' என்று ஒன்றைச் சொல்லும்போது எச்சரிக்கை தேவை. அதில் இரண்டு குரல்கள் கலந்து கிடக்கின்றன. 'வெளியூர்க்காரன் வந்து ஊர்ப் பேரைக் கெடுக்கிறான்' என்பது முதலாளியின் குரல். ஊர் என்று அது சொல்வது வியாபாரத்தை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவளின் கேள்வி வேறு: 'எழுதிட்டுப் போனீங்களே, அப்புறம் என்னாச்சு?' வேன் போனபின் சோதனை வந்தால் ஆபீசைப் பூட்டுவார்கள். பூட்டிய நாளுக்குப் பீஸ் ரேட்டில் கூலி ஏது? குழாய் சுற்றுவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைக்கு நகரும். திண்ணையில் யார் வயசைக் கேட்பது? அறிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கும். தன் கைவிரல் எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்பதை அவள் அறியமாட்டாள். முதல் குரலைச் சாக்கிட்டு இரண்டாவதை ஒதுக்குவது ஆய்வாளருக்கு வசதி. இரண்டாவதைத் தன் குரலாகக் காட்டிக்கொள்வது முதலாளிக்கு வசதி.

பார்வை என்பதிலும் சாதி, வர்க்கம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களல்ல. புகையைக் கண்டு பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். உள்ளே கிடந்தவர்களைத் தூக்கப் போனவர்களும் அதில் உண்டு. அவர்களைச் செய்திகள் 'வேடிக்கை பார்க்க வந்தவர்கள்' என்றன. கேமராவோடு வேனில் வருகிறவருக்கு அந்தப் பெயர் இல்லை.