ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் பில்டர் நமக்குத் தேவையா?



வரி, எடை முத்திரை, சரக்கு விலை என்றே எழுதி வரும் நம் இதழில் இம்முறை காருக்குள் இருக்கும் ஒரு சிறு சாமானைப் பற்றி எழுதுகிறேன். சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது உறுப்பினர்கள் மூன்று பேர் இதையே கேட்டார்கள். மூவர் வீட்டிலும் பிள்ளைகள் நச்சரிக்கிறார்களாம். 'காருக்கு பெர்பார்மன்ஸ் ஏர் பில்டர் போடணும். பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்' என்கிறார்களாம்.

என் மகன் இரண்டு வருடங்களுக்கு முன்பே கேட்டான். வாங்கியும் கொடுத்தேன். ஆகவே நான் எழுதுவது கேள்வி ஞானம் அல்ல. ரசீது கையில் இருக்கிறது.

பில்டர் 5,500 ரூபாய். அதைக் கழுவும் மருந்தும் பூசும் எண்ணெயும் கொண்ட பெட்டி தனியாக 1,600. ஆக 7,100. எங்கள் காருக்குக் கம்பெனி காகித பில்டர் 450 ரூபாய். வருடம் ஒன்று மாற்றுகிறோம். 7,100-ஐ 450-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16 வருடம் வருகிறது. நம்மில் எத்தனை பேர் ஒரே காரை 16 வருடம் வைத்திருக்கிறோம்? 'ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்' என்ற வாதம் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததுமே போய்விட்டது. முதலுக்கு வட்டி வேறு நான் போடவில்லை.

சரி, மைலேஜ்? 1 லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவு காற்றும் பில்டர் வழியாகத்தான் போகிறது. ஆகவே காற்று தாராளமாக வந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பெட்ரோல் காரில் பில்டருக்குப் பின்னால் த்ராட்டில் என்று ஒரு கதவு இருக்கிறது. நாம் ஆக்சிலேட்டரை மிதிக்கும் அளவுக்குத்தான் அது திறக்கும். டவுனுக்குள் ஓட்டும்போது அது பெரும்பாலும் ஒருக்களித்தே இருக்கும். கடை ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, குடோன் கதவைக் கால்வாசி திறந்து வைத்தால் மூட்டை வேகமாக உள்ளே போகுமா?

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இதைச் சோதித்து 2009-இல் அறிக்கை வெளியிட்டது. இக்காலத்து பெட்ரோல் கார்களில் பில்டர் அடைத்திருந்தால்கூட மைலேஜ் குறைவதில்லை. வண்டி வேகம் பிடிப்பதுதான் மந்தமாகிறது என்று கண்டார்கள். உள்ளே வரும் காற்றின் அளவுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில் மட்டும் மைலேஜிலும் வித்தியாசம் தெரிந்தது. அடைத்த பில்டருக்கே இந்தக் கதி என்றால், சுத்தமான பில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு சுத்தமான பில்டரைப் போட்டு என்ன மிச்சம் பார்க்க முடியும்?

நானும் டாங்க் நிரப்பி டாங்க் நிரப்பிக் கணக்கு எழுதினேன். முன்பு லிட்டருக்கு 14.6 கிலோமீட்டர். மாற்றிய பிறகு 14.5. இரண்டும் ஒன்றுதான்.

பிக்கப் கூடியதாக மகன் சத்தியம் செய்தான். சத்தம் கூடியது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். காற்றை உறிஞ்சும் அந்த உறுமல் காதில் விழும்போது வண்டி பறப்பதுபோல் தோன்றும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஓட்டுகிறவர்களுக்குச் சிறு லாபம் கிடைக்கலாம். அவர்கள் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பவர்கள். நாம் அப்படியா?

செலவோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தூசி விஷயம்தான் எழுத வைத்தது.

நாங்கள் விருதுநகரில் வற்றல் வியாபாரம். சீசனில் முதுகுளத்தூர், கமுதி பக்கம் கொள்முதலுக்கு அந்தக் காரில்தான் போவோம். கரிசல் காட்டுப் பாதையில் முன்னால் ஒரு டிராக்டர் போனால் புழுதி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி 6,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மெக்கானிக் பில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். "அண்ணாச்சி, இதைத் தொட்டுப் பாருங்க" என்றார். விரலில் நறநறவென்று மண். பில்டரைத் தாண்டி உள்ளே வந்த மண்.

நம் தொழிலில் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கினால் மாவு சீக்கிரம் இறங்கும். தவிடும் சேர்ந்து இறங்கும். காகித பில்டரைவிடக் காற்றை எளிதில் விடுகிற பில்டர், பெரும்பாலும் தூசியையும் கொஞ்சம் கூடுதலாக விடுகிறது. மண்ணில் இருக்கும் மணற்சத்து இரும்பைவிடக் கடினமானது. அது பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உப்புத்தாளாக வேலை செய்யும். ஒரே நாளில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து எஞ்சின் ஆயில் குறையும், புகை வரும். அப்போது யாரும் பில்டரை நினைக்க மாட்டார்கள்.

எண்ணெயில் தூசி பிடிப்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பழைய டிராக்டர்களில் கிண்ணத்தில் ஆயில் ஊற்றி வைத்திருந்தது ஞாபகம் இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்ட டிராக்டர்கள் என்ன ஆயின என்பதும் ஞாபகம் இருக்கும்.

இரண்டாவது தொல்லை, மகன் பில்டரைக் கழுவிய பிறகு வந்தது. எண்ணெய் கூடினால் தூசி நன்றாகப் பிடிக்கும் என்று தாராளமாகப் பூசிவிட்டான். எங்கள் காரில் உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு (எல்லா வண்டியிலும் இருப்பதில்லை). அந்த மெல்லிய கம்பியில் எண்ணெய் படிந்து, எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தது. நிறுத்தத்தில் வண்டி நடுங்கியது. நல்ல வேளை, மெக்கானிக் மருந்து அடித்துச் சுத்தம் செய்ததில் சரியாயிற்று. 800 ரூபாயோடு போயிற்று. புது சென்சார் என்றால் பல ஆயிரம் என்றார். தப்பு பில்டருடையது அல்ல, பூசிய கையுடையதுதான். ஆனால் காகித பில்டரில் அப்படித் தப்பு செய்யவே இடமில்லையே.

கம்பெனி பில்டரைத் திரும்பப் போட்டு, மறு சீசனில் அதே பாதையில் ஓடிய பிறகு குழாயைத் துடைத்துப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே வந்தது. ஒரு காரின் கதைதான் இது. ஆனாலும் எனக்குப் போதும்.

நம் சரக்கு வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். டர்போ உள்ள டீசல் வண்டியில் பில்டரைத் தாண்டும் மண் முதலில் மோதுவது வேகமாகச் சுழலும் டர்போ சக்கரத்தில். டிரைவர்கள் பில்டரைச் சக்கரத்தில் தட்டுவதும், பஞ்சர் கடைக் காற்றை நெருக்கமாகப் பிடித்து ஊதுவதும் வழக்கம். காகிதத்தில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் பில்டர் இருந்தும் பயனில்லை. புழுதியில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே புதிது போடுங்கள். போடும்போது மூடியின் ரப்பர் ஓரம் சரியாக உட்கார்ந்ததா என்று நீங்களே நின்று பாருங்கள். டூப்ளிகேட் பில்டரும் மார்க்கெட்டில் உலவுகிறது. 100 ரூபாய் குறைகிறது என்று அதை வாங்கிவிடாதீர்கள். டூப்ளிகேட் சரக்கின் லட்சணம் நமக்குத் தெரியாததா?

அந்தச் சிவப்பு பில்டர் கழுவிக் காயவைத்து, பெட்டியோடு கடைப் பரணில் இருக்கிறது. உறுப்பினர்கள் வீட்டில் பந்தயம் ஓட்டும் பையன் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். பாதி விலைக்குத் தருகிறேன். எண்ணெய்ப் புட்டி இனாம்.