கொல்லர் கடவுள்

கிரேக்கப் புராணத்தின் ஒலிம்பஸ் கடவுள்களில் வியர்வை சிந்தி உழைப்பவர் ஹெபைஸ்டஸ். விந்தி நடக்கும் கொல்லர். ஒருமுறை கடவுள்களின் அரசரான ஜீயஸ் கோபத்தில் இவரைக் காலைப் பிடித்து வீச, பகல் முழுக்க விழுந்துகொண்டே இருந்து, பொழுது சாயும் வேளையில் லெம்னோஸ் தீவில் வந்து விழுந்தாராம். டிராய் போரின் மாவீரன் அக்கிலீஸின் கேடயத்தை அடித்துக் கொடுத்தவரும் இவரே. தம்மைத் தாங்கி நடக்கப் பொன்னால் பணிப்பெண்களைச் செய்துகொண்டார். அவர்களுக்குப் பேச்சும் அறிவும் இருந்தன என்கிறது ஹோமரின் இலியட். எத்தனை பழைய கற்பனை, எவ்வளவு புதுமை! ஏதென்ஸ் நகரில், உலோகப் பட்டறைகளுக்கு அருகே ஒரு குன்றின் மேல், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இவருக்கும் பெண் தெய்வமான அதீனாவுக்கும் கோயில் எழுப்பினார்கள். பிற்காலத்தில் தேவாலயமாக மாறியதால் அது சிதையாமல் தப்பியது. 34 தூண்களோடு இன்றும் நிற்கிறது.