தூசியை வாசலில் நிறுத்தும் குளியலறை

குளியலறையைத் திட்டமிடும்போது முதலில் மூன்று கேள்விகள் எழும். எந்த வழியாக உள்ளே வருவது? தண்ணீர் எங்கே விழுந்து எங்கே வெளியேறுவது? எந்தப் பொருளை எங்கே வைப்பது? சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் நான்காவது கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்று வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் உடலோடும் உடுப்போடும் வரும் தூசியை எந்த இடத்தில் நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால் மற்ற மூன்றுக்கும் அதிலிருந்தே வழி பிறக்கும்.

வேலையிடத்து நச்சுப்பொருள்கள் உடுப்பு, தலைமுடி, செருப்பு வழியாக வீட்டுக்குள் நுழைவது பல நாடுகளில் பதிவான பிரச்சினை. அமெரிக்காவில் இதற்கென்றே 1992இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நடந்த ஆய்வின் அறிக்கை 1995இல் வெளியானது. ஈயம், கல்நார் போன்றவை தொழிலாளர்களோடு வீட்டுக்கு வந்து மனைவி மக்களையும் நோயாளியாக்கியதை அது தொகுத்துக் காட்டியது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், கைகால் கழுவும் வசதி ஆலையிலேயே இருக்க வேண்டும் என்றது. உடுப்பு மாற்றி வைக்கும் வசதியைப் பற்றியும் பேசியது. ஆலையிலேயே கழுவி, உடை மாற்றி வருவதே முதல் காவல். வீட்டுக் குளியலறை இரண்டாவது காவல்.

தூசியில் இருப்பவை

பட்டாசு மருந்தின் முக்கியமான சரக்குகள் மூன்று: வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பவுடர். வெடியுப்பு தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும். 20 டிகிரி செல்சியஸில் 100 மில்லி தண்ணீர் சுமார் 30 கிராம் உப்பைக் கரைக்கும். கந்தகமும் அலுமினியமும் கரைவதில்லை. அலுமினியப் பவுடரின் நுண்ணிய தகடுகள் மீது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலப் பூச்சு இருக்கும். அதனால்தான் இந்தப் பவுடர் படிந்த கையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால், தோலை நனைக்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் படிந்த சாம்பல் நிறக் கோடு அப்படியே இருக்கிறது. சோப்பு நுரைத்த பிறகுதான் அது நகரும்.

பச்சை நிற ஒளிக்குப் பயன்பட்ட பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்தது. தண்ணீரில் கரையும் பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் நஞ்சு. வண்ண மத்தாப்புகளில் சேரும் பெர்குளோரேட், தைராய்டு சுரப்பி அயோடினை உறிஞ்சுவதைத் தடுக்கக்கூடியது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது இதனால்தான்.

அமைப்பு: கொல்லையிலிருந்து உள்ளே

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி குளியலறை குறைந்தது 1.8 சதுர மீட்டரும், கழிப்பறை 1.1 சதுர மீட்டரும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அறை என்றால் 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி. தனித்தனியாகக் கட்டினால் மொத்தம் 2.9 சதுர மீட்டர். குறுக்குச் சுவர் எடுத்துக்கொள்ளும் இடத்தைத் தவிர வித்தியாசம் மிகச் சிறிது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டுக்குத் தனித்தனி அறைகளே ஏற்றவை. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை.

குளியலறைக்கு இரண்டு கதவுகள் வைப்பது இந்தப் பகுதி வீடுகளுக்குப் பொருந்தும். ஒன்று கொல்லைப்புறம், மற்றொன்று வீட்டின் உட்புறம். வேலை முடிந்து வருகிறவர் கொல்லை வழியாக நுழைந்து, செருப்பை வெளியே விட்டு, உடுப்பைக் கழற்றி, தலையோடு குளித்து, மாற்றுடுப்பு அணிந்த பின்பே உள்கதவைத் திறக்கிறார். தரையின் வாட்டமும் இதே ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். உள்கதவுப் பக்கம் மேடாகவும் கொல்லைப் பக்கம் தாழ்வாகவும், மீட்டருக்கு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு இருந்தால், தண்ணீரும் அது அடித்துச் செல்லும் தூசியும் வீட்டை நோக்கி வரமாட்டா. கழிவுநீர்த் துளையில் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும் ‘டிராப்’ வேண்டும். குழாயின் நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஒரு சுவராவது வெளிக்காற்றைப் பார்க்க, உயரத்தில் வெண்டிலேட்டர் இருக்க வேண்டும்.

கதவுகள் வெளிப்பக்கமாகத் திறப்பது நல்லது. உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பியும், வழுக்காத சொரசொரப்பான டைல்ஸும் அவசியம். வாட்டர் ஹீட்டர் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியும் இணைக்க வேண்டும்.

உப்புத் தண்ணீரும் மழைத் தண்ணீரும்

அலுமினியத் தூசிக்குச் சோப்பு வேண்டும். ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடுகின்றன. வாளியின் உள்விளிம்பில் நகத்தால் சுரண்டினால் வரும் வெண்ணிறப் பிசுக்கு அதுதான். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. 600ஐ நெருங்கும் தண்ணீரில் சோப்பில் பெரும்பகுதி வீணாகும்.

மழைநீரில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் கூரைக்குழாய் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர் விழும். சேதம் போக 800 லிட்டர் கிடைக்கும். சோப்புப் போடுவதற்கு மட்டும் ஒருவருக்கு நாளைக்கு 10 லிட்டர் என்றால், வேலைக்குப் போகும் இருவருக்கு 40 நாளைக்கு வரும். குளியலறைச் சுவரை ஒட்டித் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வைத்து, அலசுவதற்கு மட்டும் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஆலைகள் சூழ்ந்த ஊரில் கூரையிலும் தூசி படியும். ஆகவே முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட வேண்டும்.

எதை எங்கே வைப்பது

கொல்லைக் கதவை ஒட்டி, அழுக்குடுப்புக்கு மூடியுள்ள வாளி. உள்கதவை ஒட்டி, இடுப்புக்கு மேல் உயரத்தில் மாற்றுடுப்புக்கும் துண்டுக்கும் மாடம். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. சுவர் கட்டும்போதே விட்டுவைக்கும் மாடம் நடக்கும் இடத்தைக் குறைப்பதில்லை. கடப்பாக்கல் பதித்தால் ஈரத்துக்கு உளுத்துப்போவதும் இல்லை.

வேலையுடுப்பை உதறக் கூடாது. தூசி மூச்சில் ஏறும். வெடியுப்பு ஊறிய பருத்தித்துணி காய்ந்த பிறகு சாதாரணத் துணியைவிட வேகமாகத் தீப்பற்றும். எனவே வந்தவுடன் நிறையத் தண்ணீரில் அலசி, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து, அடுப்பங்கரைக்கு எட்டத்தில் காயப்போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீரைப்பாத்திக்கு விடக் கூடாது. பெர்குளோரேட்டை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இயல்பு செடிகளுக்கு உண்டு.

அச்சக மையைக் கழுவ மண்ணெண்ணெய் தேவையில்லை. சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டால் மை இளகிவிடும். ஒரு சிறு எண்ணெய்ப் புட்டி மாடத்தில் இருக்கலாம்.

கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். இரண்டையும் வெவ்வேறு இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். மாத்திரைகள் ஈரத்தில் கெடும்; அவற்றின் இடம் குளியலறை அல்ல. பட்டாசு மருந்துக்கோ, பாதி முடிந்த வெடிக்கோ வீட்டின் எந்த மூலையிலும் இடம் கிடையாது. உரிமம் பெற்ற ஆலைக்கு வெளியே அவற்றை வைப்பது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

ஏற்கெனவே கட்டிய வீட்டில்

சுவரை இடிக்காமலும் இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். முதல் வேலை, கொல்லையில் செருப்புக்கும் அழுக்குடுப்புக்கும் இடம் ஒதுக்குவது. அதற்கு ஒரு மூடிவாளி போதும். அடுத்து, அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் பிரித்துப் பூட்டுவது. மூன்றாவது, மழைநீருக்கு ஒரு டிரம். நான்காவது, கைப்பிடிக் கம்பியும் மின்கசிவுப் பாதுகாப்பும். இரண்டாவது கதவு, தரைவாட்டம், மாடம் ஆகியவற்றை வீட்டைப் புதுப்பிக்கும்போது கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டைல்ஸ் பதித்த பிறகு அவற்றைச் சரிசெய்ய இருமடங்கு செலவாகும்.