நயவஞ்சகன் கதைக்கு முடிவு எது?

துப்பறியும் நாவல் வாசிக்கும் அன்பர்களில் இரண்டு வகையினர் உண்டு. முதற் பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசிப்போர் ஒரு வகை. கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டி, "பாவி, அகப்பட்டுக்கொண்டான்" என்று நிம்மதியடைந்த பிறகே தொடங்குவோர் மற்றொரு வகை. இவர்களைப் பரிகசிக்க வேண்டாம். அநியாயம் ஜயித்துவிடுமோ என்ற கவலை நியாயமான கவலையே.

ஆனால் கதாசிரியர்கள் எல்லாரும் அக்கவலையைப் போக்குவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் பாட்ரீசியா ஹைஸ்மித் 1955-ல் எழுதிய நாவலில், நண்பனைக் கொன்று, அவன் பெயரைச் சூடி உலவிய டாம் ரிப்ளி தப்பிவிடுகிறான். மாண்டவனின் சொத்தும் அவனையே சேருகிறது. 1960-ல் இதனைப் படமாக்கிய பிரெஞ்சு டைரக்டர் ரெனே கிளெமான் அம்முடிவை ஏற்கவில்லை. கரைக்கு இழுக்கப்படும் படகைத் தொடர்ந்து, கயிற்றில் சிக்கிய பிரேதமும் வெளிவருகிறது. கொலைகாரனோ கடற்கரையில் சுகமாகச் சாய்ந்திருக்கிறான். டெலிபோன் வந்திருப்பதாக அழைக்கவே, புன்னகையுடன் எழுந்து செல்கிறான். அங்கே காத்திருப்பது போலீஸ்! நாவலாசிரியைக்கோ இம்மாறுதல் பிடிக்கவில்லை.

இந்த விவாதத்தில் நம் புதுக்கோட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. புதுக்கோட்டை தனி மாவட்டமான 1974-ஆம் ஆண்டிலேயே, அவ்வூரில் 1920-ல் பிறந்த ஜெமினி கணேசன், 'நான் அவனில்லை' என்னும் படத்தைத் தாமே தயாரித்து வெளியிட்டார். டைரக்டர் கே. பாலசந்தர். மூலம், ஆசார்ய ஆத்ரே எழுதி 1962-ல் அரங்கேறிய மராத்தி நாடகம். அதற்கு ஆதாரமோ உண்மையில் நடந்த ஒரு வழக்கு. 'காதல் மன்னன்' என்று ஜனங்கள் நம்பிய அதே முகம், இப்படத்தில் வேஷத்துக்கு வேஷம் பெண்களை ஏமாற்றும் முகமாயிற்று. நடிகருக்கு இது லேசான துணிச்சல் அன்று.

இங்கே கொலைகாரனைத் தேடும் ஓட்டமில்லை. வஞ்சிக்கப்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கோர்ட்டுக்கு வருகிறார்கள். தமக்கு நேர்ந்ததைப் பலர் அறியச் சொல்கிறார்கள். அவனோ சளைக்காமல், "நான் அவனில்லை" என்கிறான். அந்த ஒரு சொல், பொருளைத் திருடியதோடு நில்லாமல் அவர்களைப் பொய்யர்களும் ஆக்குகிறது. தண்டனையால் அவன் கதை முடியலாம். "அம்மா, நீ சொன்னது மெய்" என்று உலகம் ஒப்புக்கொண்டாலன்றி அவர்கள் கதை முடியாது.

சட்டமும் இதை உணராமலில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவின்படி, தன் அடையாளத்தை மறைத்து ஒருத்தியை மணந்து கூடுபவனுக்குப் பத்தாண்டு வரை சிறைவாசம் விதிக்கலாம்.

எனினும் சட்டம் பின்னால் வருவது. சம்பந்தம் பேசும்போது ஜாதகத்தை நாலு ஜோதிடரிடம் காட்டுகிறோம். மாப்பிள்ளையின் பெயரும் ஊரும் மெய்தானா என்று நாலு பேரிடம் விசாரிக்க மட்டும் ஏன் கூசுகிறோம்? கடைசிப் பக்கத்தை முன்கூட்டிப் பார்க்கும் வழக்கம் அங்கேயல்லவா வேண்டும்!